பெட்டியில் எழுதியிருக்கும் வேகம்

கோழிக்கடையில் கோழி அறுக்கிற பக்கமே என் தம்பி நிற்க மாட்டான். பையை என்னிடம் கொடுத்துவிட்டு எதிர்த்த டீக்கடையில் போய் நின்றுகொள்வான். அப்பேர்ப்பட்டவன் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வந்து, மான் வேட்டைக்குப் போகிறேன் என்றான். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

"அம்மாகிட்ட சொல்லிறாதக்கா."

"சொல்லல. நம்ம ஊர்ல மானச் சுட்டா உள்ள தூக்கிப் போட்டுருவாக, தெரியும்ல?"

"இங்கன அப்படியில்லக்கா. லைசென்ஸ் வாங்கிட்டா சீசன்ல சுடலாம். சுட்டத வீணாக்காமச் சாப்பிடுவாக."

கூட வேலை பார்க்கும் ஒருவரின் பண்ணைக்குப் போகிறார்களாம். துப்பாக்கியும் அவர் கொடுத்ததுதான். குழல் குட்டையானது, புதருக்குள் தட்டாமல் கொண்டுபோகலாம். எந்தக் குண்டை எடுப்பது என்பதுதான் தம்பிக்கு இருந்த குழப்பம். இரண்டு பெட்டிகளைக் காட்டினான். ஒன்றில் குண்டு சிறியது, வேகம் அதிகம். இன்னொன்றில் குண்டு கனமானது, வேகம் குறைவு. மானின் உடம்புக்குள் போனதும் குண்டு விரிய வேண்டும், அப்போதுதான் மான் உடனே விழும், விரிவதற்கு வேகம் வேண்டும் என்று விளக்கினான். அதனால் வேகமான பெட்டியே போதும் என்று நினைத்திருந்தான்.

வெடிமருந்து சம்பந்தப்பட்ட எதையும் அவன் என்னிடம்தான் கேட்பான். திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற பெண்ணாகச் சேர்ந்து, இப்போது வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகங்களுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். துப்பாக்கியைப் போலீஸ்காரர் தோளில் பார்த்ததோடு சரி. ஆனால் மருந்து எரிந்து குண்டை மேலே தள்ளுகிற குழாய் எனக்குத் தெரியும்.

"பெட்டியில போட்டிருக்க வேகம் எம்புட்டு நீளக் குழாய்க்கு?" என்று கேட்டேன்.

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இருபத்து நாலு அங்குலக் குழலில் சுட்டுப் பார்த்த வேகம் அது. அவன் கையில் இருந்ததோ பதினாறு அங்குலம்.

"அப்ப உனக்கு அம்புட்டு வேகம் வராதுலே. மருந்து எரிஞ்சு தள்ளுறதுக்கு நீளம் வேணும். குழாய் முடிஞ்சுபோச்சுன்னா மிச்சம் வெளிய வந்து சும்மா எரியும். சத்தம் வரும், வெளிச்சம் வரும், வேகம் வராது."

"எப்படிக்கா இதெல்லாம்?" என்றான்.

"வேலைதான்" என்று சொல்லி வைத்தேன். அது பாதி உண்மை.

நான் சூப்பர்வைசர் ஆன வருடம், தீபாவளி சீசனில் அட்டைக் குழாய்க்குத் தட்டுப்பாடு வந்தது. ஆர்டர் கழுத்தை நெரித்தது. லோடு ஏற்ற லாரி வாசலில் நின்றது. ஒவ்வொரு குழாயிலும் இரண்டு விரல் குறைத்து வெட்டினால் இருக்கிறதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. புதிதாகக் கிடைத்த பொறுப்பில் நல்ல பேர் வாங்கும் ஆசையும் இருந்தது. மருந்தின் அளவு அதேதான், குண்டும் அதேதான், நூறு அடி போகும் என்று பழைய குழாயை வைத்து அச்சடித்த லேபிளும் அதேதான். முதலில் வெட்டியவற்றில் கொஞ்சத்தை மைதானத்தில் டெஸ்ட் அடிக்கக் கொடுத்தனுப்பினேன். டெஸ்ட் அடிப்பவர் ஆமத்தூர்க்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். நாலாவது குழாயில் குண்டு பனை உயரம்கூடப் போகாமல் அவர் தலைக்கு மேலேயே வெடித்தது. இடது கண் போய்விட்டது. மழை நேரம், மருந்தில் ஈரம் என்று கம்பெனியில் பேசி முடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "பெட்டிய நம்பாதலே. உன் குழாய்ல என்ன வருதுன்னு பாத்துட்டுப் போ. காயத்தோட ஓட விட்டுறாத" என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பவும் ஒரு தடவை சொன்னேன். மானுக்காக என்று அவன் நினைத்திருப்பான்.

அந்த வாரமே அவன் பண்ணைக்காரரிடம் இருந்த, குண்டின் வேகம் அளக்கிற கருவியை வைத்துச் சுட்டுப் பார்த்தான். எழுதியிருந்ததற்கும் வந்ததற்கும் நல்ல வித்தியாசம். அந்த வேகத்தில் சிறிய குண்டு கொஞ்ச தூரம் தாண்டினாலே விரியாதாம். ஊசி மாதிரி ஊடுருவிப் போய்விடும், மான் எங்கேயாவது ஓடிக் கிடந்து சாகும் என்றான். கனமான குண்டு மெதுவாகப் போனாலும் விரிகிற மாதிரி செய்தது. அதையே எடுத்துக்கொண்டான். எண்பது கஜத்துக்குள் வந்தால் மட்டும் சுடுவது என்றும் முடிவு செய்தான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது முகம் சரியாக இல்லை. காலையில் ஒரு பெரிய மான் தூரத்தில் நின்றதாம், துப்பாக்கியை இறக்கிவிட்டானாம். சாயங்காலம் ஒன்று கிட்டத்தில் வந்தது.

"நின்ன எடத்துலயே விழுந்துச்சுக்கா. ஓடல." போனை மேசையில் சாய்த்து வைத்தான். "பெறகு அழுதுட்டேன். நீ மட்டும் அதக் கேக்கலன்னா தப்பாப் போயிருக்கும்க்கா."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசிப் பேச்சு என்னை விடவில்லை. ஒரு மானுக்காகக் கேட்ட கேள்வியை அன்றைக்கு அந்த அண்ணனுக்காக நான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போனேன். உள்ளே போகும்முன் போனையும், யாரிடமாவது தீப்பெட்டி இருந்தால் அதையும் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். வாங்கி வைப்பவர் அந்த அண்ணன்தான். கண் போன பிறகு அவருக்குக் கொடுத்த வேலை அது. தினமும் என் போனை வாங்கும்போது "சாப்பிட்டீகளாம்மா?" என்று கேட்பார். அன்றைக்கும் கேட்டார்.

"அண்ணே, அன்னைக்கு மருந்துல ஈரமில்ல. குழாய நாந்தான் ரெண்டு விரல் கொறைச்சேன்."

அவர் என் போனை மரப்பெட்டியில் வைத்தார். டோக்கனைத் தேடி எடுத்தார்.

"தெரியும்மா" என்றார். "கையில எடுத்ததுமே தெரிஞ்சுச்சு. எம்புட்டு வருசம் அதப் புடிச்ச கை."

"பெறகு ஏம்ணே பத்த வச்சீக?"

"நீங்க சரி பாத்துத்தான் குடுத்தனுப்பியிருப்பீகன்னு நெனச்சேன்."

டோக்கனை என் கையில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பெண்ணின் போனுக்குக் கையை நீட்டினார்.