பீரங்கிக் குழியருகே நான் சொன்ன சொல்

என் தங்கை நிலத்தில் விழுந்து கிடந்தபோது, அவள் என்னோடு வந்தவள் இல்லை என்று சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன்!

சிட்னியில் கடலோரக் குன்றொன்றில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான எதிர்ப்புப் பீரங்கித் தளம் இருக்கிறது. பீரங்கிகள் இல்லை. வட்டமான கொங்கிறீற் குழிகளையும் நிலத்தடி அறைகளையும் மரபுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள்.

நான் 1983இல் சிட்னிக்குப் படிக்க வந்தவன். யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சில் கணவனையும் மகளையும் பறிகொடுத்த வசந்தி, பல ஆண்டுகள் கழித்து என்னிடம் வந்தாள். வந்த புதிதிலேயே அவளை அங்கே கூட்டிப்போனேன். ஏன்? கடல் அழகாகத் தெரியுமாம்! அலுவலக நண்பர்களும் வருகிறார்களாம்!

"இது ஆற்ற பங்கர், அண்ணா?"

"இந்த நாட்டு ஆமியின்ர பழைய பதுங்குகுழி. இப்ப சும்மா பாக்கிறதுக்கு."

அப்போது ஒரு சிறு விமானம் தாழப் பறந்து வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சிறுமியை வாரிக்கொண்டு வசந்தி குழிக்குள் பாய்ந்தாள். தன் உடம்பால் அவளை மூடிக்கொண்டாள்.

"அசையாத பிள்ளை... அசையாத..."

சிறுமி வீரிட்டாள். தாய் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கினாள். கூட்டம் கூடியது. என் நண்பர்கள் அப்போதுதான் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்...

"இவர் உங்களோடு வந்தவரா?" என்று அங்கிருந்த வழிகாட்டி ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

வசந்தி ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். முழங்கையில் இரத்தம். முன்பின் தெரியாத அந்த வழிகாட்டிதான் அவளைக் கைகொடுத்துத் தூக்கி, தண்ணீர் கொடுத்தார். நானோ நண்பர்களிடம் கடலைக் காட்டிக்கொண்டிருந்தேன்! வெட்கமா? பயமா? இன்றும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அவள் சில வாரங்களில் மெல்பேர்ணுக்குப் போய்விட்டாள். சண்டையில்லை, அழுகையில்லை... அதுதான் என்னைக் கொல்கிறது!

ஊரில் போர் முடிந்த ஆண்டு, ஒருநாள் தொலைபேசியில் அழைத்தேன்.

"வசந்தி, அண்டைக்கு நான் சொன்னது..."

"ஓம். கேட்டது."

"என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா..."

"குசினியில சோறு கொதிக்குது. பாத்திட்டு வாறன்."

தொலைபேசியை அவள் வைக்கவில்லை. குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பிறகு பாத்திரங்கள். பிறகு கதவொன்று சாத்தப்பட்டது. "வசந்தி... வசந்தி..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.