பழத்தை விட்டுவிட்டுத் தேடியவர்

என் அக்காவின் கணவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மலைக் கிராமமான தலைச்சோலையில் அது ஒன்றே போதும், மனிதர் சொன்னதெல்லாம் வேதவாக்கு. பெங்களூரிலிருந்து லீவில் வந்தால் எங்கள் வீட்டில் கோழி அடிபடும். அவர் பேசி முடிக்கும்வரை அப்பா நின்றுகொண்டே இருப்பார்.

அந்த வருஷம் எங்கள் காபிப் பழங்களில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள். பிளந்தால் உள்ளே கடுகளவு கறுப்பு வண்டு. அதற்கு முன் நாங்கள் பார்த்ததெல்லாம் செடியின் தண்டைத் துளைக்கும் பூச்சிதான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்கள் அதைப் ‘போரர்’ என்பார்கள். அதனால் துளைப்பது எதுவானாலும் எங்களுக்குப் போரர்தான்.

“ஏனுங்க மாப்ள, பழத்துல போரர் உழுந்துருச்சுங்க. என்ன பண்றதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க” என்றார் அப்பா. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு தோட்டம். அது போனால் அடுத்தவர் எஸ்டேட்டில் கூலி வேலைதான்.

மாமா என்னையும் சேலத்துக்கு, ஓர் இன்டர்நெட் சென்டருக்குக் கூட்டிப்போனார். விவசாயக் கட்டுரைகள் சேர்த்துவைத்த ஒரு தளத்தைத் திறந்து, காபி, போரர் என்று இங்கிலீஷில் இரண்டே சொற்களைத் தட்டினார்.

“மாமா, அப்பா பழம்னு சொன்னாருங்களே?”

“பழமோ மரமோ, பூச்சி ஒண்ணுதானே. நீ சும்மா இரு.”

முதலில் வந்த கட்டுரையை அச்செடுத்தார். பூச்சி தாக்கிய செடிகளை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து அதை உரக்க வாசித்து, தமிழில் விளக்கமும் சொன்னார்.

“தண்டு நல்லாத்தானுங்க இருக்குது” என்றார் அப்பா மெதுவாக. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப என்னை எதுக்குக் கேட்டீங்க?” என்றார்.

அக்கா அப்போது மாசமாக இருந்தாள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் அது யார் தலையில் விடியும் என்று அப்பாவுக்குத் தெரியும். மறுநாளே ஆள் விட்டுத் தோட்டம் முழுக்கப் பிடுங்க ஆரம்பித்தார். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள்தான் மிஞ்சின. ஈரச் செடிகள் எரிந்த புகை வீட்டுக்குள்ளேயே சுற்றியது. அன்றைக்கும் கோழி அடித்தோம்.

மறு வருஷம் சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கேட்டு வருகிறவர்களுக்குக் கட்டுரைகளைத் தேடித் தருவதுதான் அங்கே வேலை. பொதுவான சொல்லைப் போட்டால் ஊர்ப்பட்டதெல்லாம் வந்து குவியும். பூச்சியின் பெயர் மட்டும் போதாது, அது எந்த இடத்தைத் தின்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். அப்புறம் நாட்டையும் வருஷத்தையும் குறித்து வடிகட்ட வேண்டும். இதற்குப் பெங்களூர்ப் படிப்பெல்லாம் தேவையில்லை, கேட்பவர் சொல்வதை முழுசாகக் காதில் வாங்கினால் போதும்.

ஒரு மதியம் மாமா தட்டிய இரண்டு சொற்களோடு பழத்தையும் சேர்த்தேன். இந்தியா என்று குறித்தேன். பழைய வருஷங்களை ஒதுக்கினேன். எங்கள் வண்டு முதல் வரியிலேயே வந்து நின்றது. பழங்களை ஒன்றுவிடாமல் பறிக்க வேண்டும், உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் முக்க வேண்டும். செடியைப் பிடுங்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அதை அச்செடுத்துக்கொண்டேன்.

நாகலூர் எஸ்டேட்டில் கூலி வேலை முடித்து வந்த அப்பாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

“தண்டுல ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியாதா கண்ணு” என்றார். பிறகு, “மாப்ளகிட்டச் சொல்லிராத சாமி. நம்ம ஊட்டுக்காக நொம்ப அலைஞ்சாரு.”

பொங்கலுக்கு மாமா வந்தார். தான் மட்டும் அன்றைக்குத் தேடிச் சொல்லாவிட்டால் வண்டு மலை முழுக்கப் பரவியிருக்கும் என்றார். அப்பா நின்றுகொண்டே தலையாட்டினார். நான் மாமாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன், கடையில் வாங்கிய தூளில் போட்டது.

“தோட்டத்துக் காபின்னா தனி ருசிதான்” என்றார்.