கூடையில் ஒரு துண்டு ஐஸ்

ஐஸ் முழுக்க உருகும்வரை அதனோடு கிடக்கும் தண்ணீர் சூடேறாது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடம் படிக்கையில், வைகை அணையோரம் முன்பு இருந்த, இப்போது இல்லாமல் போன ஐஸ் கொட்டகையின் ஈரச்சாக்கு வாசம் எனக்கு வந்துவிட்டது. அங்கே வாங்கிய ஐஸை உடைத்து மீன்மேல் பரப்பி, சாக்குப் போர்த்தி, விற்கப் போகும் அல்லிநகரம் வரைக்கும் பஸ்ஸில் கூடையை என் மடியில்தான் வைப்பாள் அம்மா. ஐஸ் தீருமுன் விற்காவிட்டால் மீன் கெடும், வீட்டில் அடுப்பெரியாது.

ஒருநாள் வெயில் இறங்கியும் கூடையடியில் கெண்டை மிச்சமிருந்தது.

"பொழுது சாஞ்சிருச்சு ஆத்தா, இனி மீனு தாங்காது. பாதி வெலைக்குப் போட்டுட்டுப் போ," என்றாள் சாப்பாட்டுக்கடைக்காரி.

அம்மா சாக்குக்குள் கைவிட்டுத் துழாவி, நகத்தளவு ஐஸை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது கரையட்டும், அப்பறம் வெலை பேசுவோம்."

கடைக்காரி கையை உதறிச் சிரித்துவிட்டு, முழு விலைக்கே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கூடையில் இருந்த கடைசி ஐஸ் துண்டு அதுதான் என்பதைத் திரும்பும் பஸ்ஸில்தான் அம்மா சொன்னாள்.