அறுபத்திரண்டாவது அடியும் என் புகைப்படமும்

காலை ஆறு மணிக்குக் காஞ்சிபுரம் கிளம்பிவிடலாம் என்று சொன்ன சித்தப்பா பதினொன்றரைக்குக் கிளம்பியதற்குக் காரணம், அமெரிக்காவில் ஒருவர் அடித்த பந்து. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூர் பள்ளிக்குப் போய்வந்தேன். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா தட்டுத்தடுமாறிக் கையெழுத்துப் போடுவார், அம்மா கைநாட்டு, சித்தப்பாவுக்கு எண்கள் மட்டும் தெரியும். ரேஷன் கடை அறிவிப்பு முதல் மாத்திரை அட்டை வரை நான்தான் படித்துச் சொல்லவேண்டும். அதில் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே கர்வம் இருந்தது.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் ஒரு உதவித்தொகைத் தேர்வு இருந்தது. அதில் தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை படிப்புச் செலவுக்குக் கவலையில்லை. தேறாவிட்டால் பத்தாவதோடு போதும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மற்றவர்களின் விண்ணப்பங்களைப் பள்ளியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். எனக்கு வருமானச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமானதால், கையெழுத்தும் முத்திரையும் போட்டு என்னிடமே கொடுத்து, "காஞ்சிபுரம் கல்வி ஆபீஸ்ல நேர்ல போய்க் குடுத்துடு, புதன்கிழமை சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும்தான்" என்றார் தலைமையாசிரியை.

அந்தப் புதன்கிழமைதான் அமெரிக்கா குறுக்கே வந்தது.

சித்தப்பா உத்திரமேரூர் பஜாரில் கேபிள் லைன் பார்க்கும் வேலையில் இருந்தார். ரேடியோ கடை வைத்திருந்த பாய்தான் முதலாளி. கடை மாடியில் ஒரு சின்ன அறை, அதில் ஊர் முழுவதற்கும் படம் அனுப்பும் பெட்டிகள். விடியற்காலையில் அறையைத் திறந்து ஒவ்வொரு சேனலாகப் படம் சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் நேரடியாக நடக்கும் விளையாட்டு அமெரிக்காக்காரர்களின் பேஸ்பால் ஒன்றுதான். அங்கே ராத்திரி, இங்கே காலை. ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல், பார்த்துப் பார்த்தே ஆட்டத்தின் விதிகளை எல்லாம் பிடித்துவிட்டார். எங்கள் வீட்டில் சோறு வேகும்போதும் அதைத்தான் விளக்குவார்.

"நாலு மூலை கீது. அடிச்சவன் நாலையும் மிதிச்சுக்கினு சுத்தி வரணும். வேலிக்கு அந்தாண்ட அடிச்சுட்டா ஓடவே வேணாம், நடந்தே வரலாம். ஆனா மிதிக்கணும்."

"நடந்து வர்றதுக்கு எதுக்கு சித்தப்பா மிதிக்கணும்?"

"ஆட்டம்னா ஆட்டந்தான், பாப்பா."

செப்டம்பர் பிறந்தால் அவர்களுக்கு ஆட்டம் சூடுபிடிக்கும். எங்களுக்குக் காலாண்டுத் தேர்வு. அந்த வருடம் ஒரு சிவப்புத் தலைமுடிக்காரர் வேலிக்கு வெளியே அடித்துக்கொண்டே போனார். ஒரே வருடத்தில் அறுபத்தொன்று என்பது முப்பத்தேழு வருடமாக யாராலும் தாண்டமுடியாத கணக்காம். திரையில் ஓடும் ஆங்கில வரியை எழுத்துக்கூட்டிப் படித்து அதை அவருக்குச் சொன்ன பாவி நான்தான். செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் அந்த அறுபத்தொன்றைத் தொட்டிருந்தார் அந்த ஆள். இனி ஒன்றே ஒன்று.

புதன்கிழமை ஐந்தரைக்கெல்லாம் பாயின் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து மாடி அறையில் உட்காரவைத்தார். சீருடை, எண்ணெய் வழிய வாரிய பின்னல், மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பம். "அரை மணி நேரந்தான். செக் பண்ணிட்டுக் கெளம்பிடலாம்."

ஆறு மணிக்கு ஊருக்குப் பக்திப் பாடல் போகவேண்டும். விளையாட்டுக்கும் பக்திக்கும் பாயிடம் இருந்தது ஒரே பெட்டி. சித்தப்பா சேனலை மாற்றவில்லை.

"சித்தப்பா, மணி ஆறேகால்."

"இந்த ஆள் ஒரு தபா அடிக்க வரட்டும்."

அந்த ஆள் வந்தார், ஒன்றும் ஆகவில்லை. "இன்னொரு தபா." நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். கீழே கடைக்குள் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏழு மணி ஆகப்போகும் சமயத்தில் அவர் மறுபடி வந்து அடித்தார். பந்து அப்படியொன்றும் தூரம் போகவில்லை, இடது பக்க வேலியை ஒட்டித் தாண்டி விழுந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. சித்தப்பாவும் கத்தினார். அந்த மனிதர் சந்தோஷத்தில் கையை உயர்த்திக்கொண்டு, முதல் மூலையை மிதிக்காமலே தாண்டிப் போய்விட்டார்.

"ஐயோ, மிதிக்கலயே!" சித்தப்பா தலையில் கைவைத்தார்.

அந்த மூலையில் நின்ற அவருடைய அணி ஆள் ஒருவர் கையைக் காட்டினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, சிரித்தபடி திரும்பி வந்து, காலால் தொட்டுவிட்டு, மறுபடி ஓடினார். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எரிச்சலில் கலங்கியது.

படியில் செருப்புச் சத்தம். பாய்.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீற நீ? சாமி பாட்டு வர்ற நேரத்துல வெள்ளக்காரன் கட்டைய சுத்தினு கீறான்னு ஊரே போன் பண்ணிப் பேஜார் பண்ணுது! தொழுதுட்டு வந்த மனுசன் நாஷ்டா துன்னக்கூட முடியல. நான் பாய், என்னாண்ட வந்து சாமி பாட்டு எங்கன்னு கேக்கறாங்க!"

மூன்று வீடுகளில் கோபத்தில் வயரையே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அத்தனை வீட்டுக்கும் போய், கும்பிட்டு, ஒட்டுப்போட்டு, படம் வரவைத்த பிறகுதான் வண்டியைத் தொடலாம் என்று பாய் சொல்லிவிட்டார். நான் ஒவ்வொரு வாசலிலும் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டம்மா என் உறையைப் பார்த்து, "நீயும் கேபிளுக்குக் காசு வாங்க வந்தியா?" என்றார்.

காஞ்சிபுரம் சேர்ந்தபோது கல்வி அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்கு மேசைக்கு வந்த அதிகாரி அம்மா என் விண்ணப்பத்தைப் புரட்டினார். புகைப்படத்திடம் வந்து நின்றார்.

"சீல் பாதிதானே கீது? காகிதத்துல அரை வட்டம் தெரியுது. போட்டோ மேல மீதி அரை எங்க?"

தலைமையாசிரியை முத்திரை குத்தியபோது அங்கே வேறு புகைப்படம் இருந்தது. ஒரு கண் பாதி மூடி, வாய் லேசாகத் திறந்து, தூக்கத்தில் எழுப்பியவள் மாதிரி இருப்பேன். என் படிப்பு சம்பந்தப்பட்ட காகிதத்தில் அந்த முகம் போவதா? செவ்வாய்க்கிழமை மாலை பள்ளி விட்டதும் அதைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டு, ஸ்டூடியோவில் மறுபடி எடுத்த நல்ல படத்தை ஒட்டியிருந்தேன். சித்தப்பா அப்போது எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு போட்டோ மாத்துனது?"

"நாந்தான் மேடம்," என்றார் சித்தப்பா. "டீ ஊத்திட்டேன். கறுப்பா பூட்ச்சு. வேற ஒட்டினேன்."

"மேலயே போட்டிருக்குதேப்பா, போட்டோ ஒட்டி அதுக்கப்பறந்தான் சீல் வாங்கணும்னு. மொத வரியே அதான். படிச்ச புள்ள பக்கத்துல கீதே, கேக்கக் கூடாதா?"

வீட்டில் எல்லோருக்கும் அந்த விண்ணப்பத்தை நான் சத்தமாகப் படித்துக் காட்டியிருந்தேன், இரண்டாவது வரியிலிருந்து. முதல் வரி பொடி எழுத்தில் இருந்தது, முக்கியமாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

நான் விண்ணப்பத்தை எடுத்து உறைக்குள் செருகினேன். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. "அஞ்சு மணி வரைக்கும் டைம் கீதில்ல மேடம்? வந்துடறோம்."

மறுபடி உத்திரமேரூர். வழியெல்லாம் காலுக்கிடையில் கேபிள் வயர்ச் சுருள் இடித்தது. தலைமையாசிரியை அவரை நிற்கவைத்து வறுத்தெடுத்தார். பொறுப்பில்லை, குழந்தையின் எதிர்காலம், டீ குடிக்க வேறு இடமில்லையா. "தப்புதாங்க டீச்சர்," என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். முத்திரை என் நல்ல முகத்தின் கன்னத்தில் பாதி விழுந்தது. மறுபடி காஞ்சிபுரம். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அந்த அம்மா விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அம்மா விளக்குமாற்றை எடுக்காத குறை. "வெள்ளக்காரன் ஆட்டம் பாத்துக் கொயந்த படிப்பையே கெடுக்கப் பாத்தியே! டீய வேற ஊத்தினியாமே!" சித்தப்பா சிரித்தார். நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டேன். காலையில் எத்தனை மணி நேரம் என்னைக் காக்கவைத்தார், படட்டும் என்று எனக்கு அது நியாயமாகவே தோன்றியது.

தேர்வில் தேறினேன். பன்னிரண்டு முடித்தேன், கல்லூரியும் முடித்தேன். இப்போது செங்கல்பட்டில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டு விசேஷங்களில் இந்தக் கதை இன்றும் வரும், டீ கொட்டிய இடத்தை சித்தப்பாவே நடித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் நானும் சிரிப்பேன்.

போன வருடம் செய்தியில் படித்தேன். அந்தச் சிவப்புத் தலைமுடிக்காரர் அந்த நாட்களில் ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டாராம். சித்தப்பாவை அழைத்துச் சொன்னேன். இதற்காகவா அன்றைக்கு என்னை உட்காரவைத்தீர்கள் என்று ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்றுதான் இருந்தேன்.

அவருக்குப் பின்னால் எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா, மொத மூலைய வுட்டுட்டுப் போயி, திரும்பி வந்து மிதிச்சானே. அது நெசந்தானே?"

"நெசந்தான் சித்தப்பா."

"அப்ப சரி."

பன்னிரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது எடுத்தேன். "சித்தப்பா, அந்த போட்டோ..."

"ரெண்டாவதா ஒட்டினியே, அதுதான் நல்லா இருந்துச்சு," என்றார். "மொத போட்டோல கண்ணு மூடிக்கினு இருந்த. லைன் பாக்கப் போவணும், வெச்சுடறேன்."