கர்ட்டுக்கு நாலாவது கேக் கிடையாது

ஒரே வேலையிலிருந்து மூன்று தடவை ஓய்வு பெற்ற மனிதனைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் எங்கள் ஊர் ஹார்லோவுக்கு வாருங்கள். அங்கே சாலைத்துறைக் கொட்டகையில், இலை உதிரும் பருவம் வந்தால் போதும், "இனிய ஓய்வுக்கால வாழ்த்துகள், கர்ட்" என்று நீலக் கிரீமில் எழுதிய கேக் வந்து இறங்கிவிடும். எல்லோரும் தட்டு நிறைய வாங்கித் தின்பார்கள். கடைசித் துண்டை முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு கர்ட் ஸ்டென்பெர்க் சொல்வான்: "இந்த ஒரு குளிர்காலம் மட்டும் ஓட்டிட்டுப் போயிடறேன், மில்ட்."

மேலாளர் மில்ட் தலையில் அடித்துக்கொள்வான். "யோவ், பேக்கரிக்காரி இப்பல்லாம் பேரே கேக்கறதில்லை. என் தலையைப் பாத்ததும் நீலக் கிரீமைக் கையில எடுத்துடறா."

பணத்துக்குக் கஷ்டமா? அதுதான் இல்லை. வீட்டுக் கடன் தீர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. மகள் எமிலி டென்வரில் வேலை பார்க்கிறாள். பென்ஷன் வாங்குகிற வயதும் தாண்டியாகிவிட்டது. வங்கியில் அவன் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணே பொறுக்கமாட்டாமல், "இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். கர்ட் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டு, "பாக்கலாம்" என்றான். வடக்கு மினசோட்டாவில் "பாக்கலாம்" என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

அவன் வீட்டு வாசலில் ஒரு கேம்பர் நின்றது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உள்ள வண்டி. பிக்கப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். முதல் கேக் வெட்டிய வருடம், குளிர்காலத்தை டெக்சஸ் கடற்கரையில் கழிக்கலாம் என்று வாங்கியது. அவன் மனைவி டார்லா அப்போதே பள்ளிக்கூட நூலக வேலையை விட்டுவிட்டாள். முதல் வருடம் கேம்பருக்குத் திரை தைத்தாள். மறு வருடம் மெத்தைக்கு உறை தைத்தாள். மூன்றாம் வருடம் தைக்க ஒன்றும் மிச்சமில்லை. வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு பனியில் நின்றுகொண்டே இருந்தது.

கர்ட்டைத் திட்டவும் மனசு வரவில்லை. பனி கொட்டி முடித்த விடியலில், முன்னால் மாட்டிய பனி தள்ளும் பிளேடை இறக்கி, ஆரஞ்சு நிற லாரியை எட்டாம் நம்பர் சாலையில் கொண்டுபோகும்போது அவனைப் பார்க்க வேண்டும். ஜம்மென்று உட்கார்ந்திருப்பான். பள்ளிப் பேருந்து, பால் வண்டி, ஆம்புலன்ஸ் எதுவானாலும் அவன் போன பிறகுதான் போக முடியும். வழியில் தனியாக இருக்கும் ஐரீன் கிழவி, லாரிச் சத்தம் கேட்டதும் வாசல் விளக்கை இரண்டு தடவை அணைத்து ஏற்றுவாள். கர்ட் ஹாரன் அடிப்பான். வருடக்கணக்காக நடக்கிற பேச்சுவார்த்தை அது.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நமக்கு யார் விளக்குக் காட்டப் போகிறார்கள்? அவனுடைய பயமெல்லாம் இதுதான். வெளியே சொல்ல வெட்கம். அதனால், "ஏரிக்கரை வளைவு மார்சிக்கு இன்னும் பிடிபடலை" என்று சொல்லிக்கொள்வான். மார்சி பெல்டோ அவனிடமே தொழில் பழகியவள். கர்ட் போனால்தான் அவளுக்கு அந்த நிரந்தர வேலை. அதுவரை கூப்பிட்டால் வர வேண்டும், கூப்பிடாத நாளில் சம்பளமில்லை. அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கர்ட்டும் அவளிடம் எதுவும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே!

அந்த வருடம் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்தபோது டார்லா சொன்னாள்: "ஜனவரி ரெண்டாந்தேதி நான் கிளம்பறேன்."

"எங்க?"

"டெக்சஸுக்கு. கேம்பரை மாட்டிக்கிட்டு."

கர்ட்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீயா? அதை ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா உனக்கு? வாசல் கம்பத்துல இருக்கற தபால் பெட்டியை இடிச்சுச் சாய்ச்சுட்டுத்தான் மறுவேலை பாப்பே."

"தபால் பெட்டியை நான் பாத்துக்கறேன். நீ வர்றியா, அதைச் சொல்லு."

"நடுக் குளிர்காலத்தில விட்டுட்டு எப்படிம்மா வர்றது? அடுத்த வருஷம்..."

டார்லா கத்தியைக் கீழே வைத்தாள். "கர்ட், எமிலி பொறந்தப்ப நீ எங்க இருந்தே?"

"எட்டாம் நம்பர் ரோட்டுல."

"எங்கம்மா செத்தப்ப?"

அவன் உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தான்.

"நான் குறையாச் சொல்லலை. அப்ப வயித்துப்பாடு, போனே. ஊருக்கெல்லாம் வழி திறந்து விட்டே. பனி விழுந்தா நான் ஒருத்தி ஜன்னலண்ட நிப்பேன், நீ முழுசாத் திரும்பி வரணுமேன்னு. கல்யாணமான நாள்லேர்ந்து நின்னாச்சு. இப்ப எதுக்கு நிக்கணும்? சொல்லு."

கர்ட் தட்டைப் பார்த்தபடி, "பாக்கலாம்" என்றான். பாவி மனுஷன்!

அவள் மிரட்டுகிறாள் என்றுதான் நினைத்தான். புத்தாண்டு ராத்திரி நல்ல பனி. இரண்டாம் தேதி விடியும் முன்பே லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாதி தூரம் பனி தள்ளியிருப்பான், பக்கக் கண்ணாடியில் ஒரு ஜோடி விளக்கு தெரிந்தது. பின்னாலேயே வெள்ளையாய் ஏதோ உயரமாக வந்தது. தார்ப்பாய் இல்லாமல் பார்த்து நாளாகிவிட்டதால் அவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

வேறொரு லாரியிலிருந்து வயர்லெஸ்ஸில் மார்சியின் குரல். "பாஸ், உங்க பின்னால ஒரு கேம்பர் வருதா?"

"வருது."

"தபால் பெட்டி நிக்குதான்னு பாத்துட்டேன். நிக்குது."

"அது எப்படி உனக்கு..."

"சர்ச் பார்க்கிங்ல ரெண்டு மாசம் அவங்களுக்குக் கத்துக் கொடுத்ததே நான்தானே. உங்களைவிட நல்லா எடுக்கறாங்க."

கர்ட்டுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. லாரியை நடுரோட்டில் நிறுத்தலாமா? அவளுக்குப் பின்னால் பள்ளிப் பேருந்து வந்துகொண்டிருந்தது. ஆகையால் தெரிந்ததைச் செய்தான். ஓரம்வரை பனியைச் சுரண்டித் தள்ளினான், உப்பை அள்ளிப் போட்டான், அவள் வண்டி வழுக்கக் கூடாதே என்று. பெண்டாட்டி தன்னை விட்டுப் போகிற சாலையை இவ்வளவு சுத்தமாக உலகத்தில் யாரும் தள்ளியிருக்க மாட்டார்கள்.

மாவட்ட எல்லைப் பலகையோடு அவன் சாலை முடிந்தது. அதற்குமேல் அடுத்த மாவட்டத்து லாரி. கர்ட் ஓரங்கட்டி இறங்கினான். டார்லாவும் நிறுத்தி இறங்கி வந்து காப்பிப் பிளாஸ்கை அவன் கையில் கொடுத்தாள்.

"ஃப்ரீசர்ல கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் செஞ்சு வச்சிருக்கேன். சூடு பண்ணித் தின்னு."

"வான்னு கூப்பிட மாட்டியா?"

"மூணு வருஷமா வேற என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?" அவன் கோட்டுக் காலரை இழுத்து மூடிவிட்டாள். "அழாதேடா. இந்தக் குளிருக்கு இமை ஒட்டிக்கும்."

கேம்பர் தெற்கே போய் மறைந்தது. அவன் லாரியைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கத்தைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தால், உள்ளே ஆரஞ்சு நிற வேலைச் சட்டைகள். அடுத்த கதவு: ஆரஞ்சுக் கோட்டு, ஆரஞ்சு மேலங்கி. இழுப்பறையில் மாவட்டத்தின் முத்திரை போட்ட பனியன்கள். கட்டம் போட்ட சட்டை, ஞாயிற்றுக்கிழமை பேன்ட், தூங்குகிற பைஜாமா ஒன்றுகூட இல்லை. இடுப்பில் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து போன் போட்டான்.

"என் துணியெல்லாம் எங்கடி?"

"கேம்பர்ல. உன் பக்கத்து அலமாரில மடிச்சு வச்சிருக்கேன்."

"ராத்திரிக்கு நான் எதைப் போட்டுக்கிட்டுத் தூங்கறது?"

"வேலைக்குப் போறதுக்குத்தான் வேணுங்கறது இருக்கே. உனக்கு அது போதும்னுதானே சொல்றே?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு அழுகையும் வந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவன் கேட்டதே இல்லை. பனி இரவுகளில் அவள் கேட்டுக்கொண்டிருந்த அமைதி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தான். அப்படியும் மனசு இறங்கி வரவில்லை, பாருங்கள்.

அடுத்த பனி விழுந்த காலை, தூக்கமில்லாமல் கண் எரிந்தது. "இன்னிக்கு நீ ஓட்டு" என்று சாவியை மார்சியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். ஏரிக்கரை வளைவு வந்தது. தவறு கண்டுபிடிக்கலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனாள். ஐரீன் வீடு நெருங்கியது. வாசல் விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது. மார்சி ஹாரன் அடித்தாள்.

"உனக்கும் காட்டுவாளா?"

"நான் ஓட்டற நாளெல்லாம் காட்டுவாங்க பாஸ். உள்ள யாருன்னு அவங்களுக்கு எங்க தெரியும், இருட்டுல? வண்டி வந்தாச் சரி."

கர்ட்டுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமும் அந்த விளக்கு தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தானே! ஜன்னலோரம் நின்று தனக்காகவே விளக்கை அணைக்காமல் வைத்திருந்தவள் ஒருத்திதான். அவளை இவனே எல்லைவரை வழியனுப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்டான்: "மார்சி, என்மேல கோவமா உனக்கு?"

"இருந்துச்சு" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல் கேக்குல இல்லை. ரெண்டாவதுல கொஞ்சம். மூணாவதை நான் தின்னவே இல்லை, நீங்க கவனிக்கலை."

கொட்டகைக்குப் போனதும் கர்ட், "இந்த மாசத்தோட சரி, மில்ட்" என்றான். மில்ட் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போய்யா. கேக்குக்கெல்லாம் இனிமே பைசா கிடையாது." யாரும் நம்பவில்லை. மாதக் கடைசியில் லாரிச் சாவியை மார்சியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டபோதுதான் கொட்டகையில் சிரிப்பு நின்றது. கேக் வாங்கி வைக்கவில்லையே என்று மில்ட் தவித்துப்போனான்.

டெக்சஸ் கடற்கரையில் பிப்ரவரியிலேயே வியர்க்கிறது. கேம்பர்கள் வரிசையாக நிற்கிற இடத்துக்குள், தோளில் பையுடன், ஆரஞ்சுக் கோட்டு மாட்டிய ஒரு ஆள் நடந்து வந்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ சாலை வேலை நடக்கப்போகிறது என்று எட்டிப் பார்த்தார்கள். திரை தொங்கும் ஜன்னலிலிருந்து டார்லா பார்த்துவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு படியில் வந்து நின்றாள்.

"விட்டாச்சா?" என்று கேட்டாள்.

"விட்டாச்சு."

"கேக்?"

"இல்லை."

அவள் இறங்கி வந்து அந்தக் கோட்டின் பொத்தானில் கை வைத்தாள்.

"முதல்ல இதைக் கழட்டு. உள்ள உன் சட்டை இருக்கு."