உட்காராத டீச்சர்

பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் பிடிப்பது அந்த டீச்சருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை. ஒல்லியான உடம்பு, தோளில் கனத்த பை, கையில் எப்போதும் ஸ்கூட்டர் சாவி. எங்கள் பிள்ளையார்பாளையம் வீட்டுக்குப் பலமுறை வந்தும் உட்கார்ந்ததே இல்லை. அம்மா பாயை விரித்தால், “இன்னும் நாலு வீடு இருக்குதும்மா” என்று சாவியை ஆட்டிக்கொண்டே நிற்பார்.

கலந்தாய்வு நாளன்று காலையிலும் வந்தார். நான் தறியில் இருந்தேன். புடவையின் ஒரு கரைக்கு, குறுக்கு இழை ஓட்டும் நாடாவை அப்பா தள்ளுவார். மறு கரைக்கு நான் தள்ள வேண்டும்.

“இன்னைக்குப் போகலன்னா சீட்டு போயிடும்ணா,” என்றார் டீச்சர்.

“முகூர்த்தப் புடவை டீச்சரம்மா, நாளைக்குக் குடுக்கணும். இவன் போயிட்டா கவர்மெண்ட்டா வந்து நாடா தள்ளும்?” என்றார் அப்பா.

டீச்சர் சாவியைப் பைக்குள் போட்டார். என்னை எழுப்பிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார்.

“கவர்மெண்ட்டு வந்துடுச்சு. நெய்யுங்கண்ணா.”

கல்லூரியில் என் பெயரைக் கூப்பிடும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரையில் ஓர் இழை தப்பினாலும் புடவை கெட்டுவிடுமே. சீட்டு கிடைத்ததும் ஓடிவந்தேன். டீச்சர் போயிருந்தார். அப்பா கரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எங்கயும் தப்பலடா. டீச்சரம்மாவோடது சின்ன வயசுலயே தறில உட்கார்ந்த கை.”

அன்று டீச்சரைத் தறியிலிருந்து எழுப்பிப் படிக்க அனுப்பியது யார்? கேட்டுவிடலாமென்று அந்த ஸ்கூட்டரை இன்றும் தெருவில் துரத்துகிறேன்.

“அப்புறம்பா, இன்னும் நாலு வீடு இருக்குது.”