கேஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

என் சகலைக்கு வராத வேலையே கிடையாது. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். மூலக்குளத்தில் ஹார்டுவேர் கடை. மோட்டாரைப் பிரிப்பார், டைல்ஸ் ஒட்டுவார். போன வருஷம் தன் காரின் ஹெட் கேஸ்கெட்டைத் தானே மாற்றினார். அதிலிருந்து மதகடிப்பட்டு மாமியார் வீட்டில் அந்தக் கதைதான். "பெரிய மாப்ள கையில இல்லாத தொழிலா?" என்பார் மாமியார், என் இலையில் கறியை வைத்தபடியே. கறி கசக்கும். பொறாமைதான், வேறென்ன?

அதனால் வில்லியனூர் தாண்டி என் பழைய கார் சூடேறி வெள்ளைப் புகை கக்கியபோது, சத்தியமாக எனக்குச் சந்தோஷம். மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சி சார், வண்டிய உட்டுட்டுப் போங்க" என்றார். நானா விடுவேன்? இன்ஜினுக்கும் அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில், தண்ணீர் கசியாமல் காக்கிற தகடுதான் அந்தக் கேஸ்கெட். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு மாமியார் வீட்டில் கறிவிருந்து. நானே சரிசெய்த வண்டியில் போய் இறங்கி, ஒரே ஒரு தடவையாவது பேச்சு என் பக்கம் திரும்ப வேண்டும்.

வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஹெட்டைக் கழற்றினேன். பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டியதில் நகம் பிய்ந்தது. புதுசை மாட்டுவதுதான் பாக்கி என்கிறபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. ஸ்பேனர்களைக் கழுவிச் சாமி முன்னால் பரப்பினேன். மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள்.

"கேஸ்கெட்டுக்கும் வை" என்றேன்.

"இதுக்குமாங்க?"

"நல்லா பெருசா வை."

சகலை இதையெல்லாம் செய்திருக்க மாட்டார். சாமி இந்தத் தடவை என் பக்கம் நிற்கட்டும்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, எதையும் முதன்முதலாகத் தொடங்க நல்ல நாள். ஸ்பேனர்களில் இருந்த பொட்டைத் துடைத்தேன். கேஸ்கெட்டில் இருந்ததைத் துடைக்க மனசு வரவில்லை. அப்படியே வைத்து, ஹெட்டை இறக்கி, நடுவிலிருந்து ஆரம்பித்து போல்ட்டுகளை முறுக்கினேன். சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பியது. தெருவே கேட்க ஹாரன் அடித்தேன். கண் பட்டுவிடுமென்று ஞாயிறு வரை வெளியே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றோம், பின்னால் வெள்ளைப் புகையோடு. மொத்தக் குடும்பமும் வெளியே வந்து பார்த்தது.

சாப்பாடு முடிந்ததும் சகலை சட்டையைக் கழற்றினார். அவர் டிக்கியில் எப்போதும் டூல் பெட்டி இருக்கும். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. ஹெட்டைத் தூக்கும்போது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். தண்ணீர் போகிற ஓட்டையை ஒட்டி, தகட்டைச் சரியாகப் படியவிடாமல், காய்ந்து கட்டிதட்டிய சந்தனம் நசுங்கிக் கிடந்தது. அதன் நடுவில் குங்குமம்கூட அழியவில்லை.

அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். கட்டைவிரலால் ஒரே தேய்ப்பில் அழித்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "டூப்ளிகேட் கேஸ்கெட் அத்தை! கடைக்காரன் ஏமாத்திட்டான். சகல மாட்டுனதுல ஒரு கொறையும் இல்ல."

எனக்கு மூச்சு வந்தது. மாமியார் மோர்ச் செம்போடு ஓடி வந்தார்.

"பாத்த ஒடனே டூப்ளிகேட்னு சொல்லிட்டாரே! பெரிய மாப்ள கண்ணே கண்ணு!"

"ஆமாம்மா" என்றாள் என் மனைவி. "இவருக்கு அதுகூட பாத்து வாங்கத் தெரியல."

உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் புகழ் ஏறும். ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன். சகலை மோரை வாங்கி, தான் குடிக்காமல் முதலில் என்னிடம் நீட்டினார். ஒரு பொய் சொல்வதில்கூட அந்த மனுஷன் என்னைவிட நல்லவராக இருந்தார்.